முதுகுக்கு லைனர் போட்டவர்

பழைய பிக்கப் வண்டி ஒன்றை விலை பேசி, சாவியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அதன் பின்தொட்டியில் விழுந்த கீறலெல்லாம் எங்கள் தெருச் சரக்குக்காரரின் முதுகிலும் விழத் தொடங்கியது. முதல் கீறல் இரும்புக் கம்பியால் வந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆட்கள் கம்பிக் கட்டைத் தொட்டிக்குள் இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்; எதிர்ச்சாரியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் "ஐயோ" என்று எழுந்து நின்றார். சட்டை கிழியவில்லை, உள்ளே தோல் மட்டும் கிழிந்திருந்தது. செங்கல் ஏற்றிய அன்று முதுகு சிவந்து தடித்தது. மணல் ஏற்றிய அன்று பொழுது சாயும்வரை நெளிந்தார். வண்டியை விற்றவரிடம் போய்க் கேட்டபோது அவர் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். "இப்படிச் சாஞ்சு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா தம்பி," என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்த பிறகு சண்டை போட மனசு வரவில்லை. மருத்துவர் முதுகைத் தட்டிப் பார்த்தார், வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று விசாரித்தார், மாத்திரை எதுவும் எழுதாமல், "தொட்டி கீறாம இருக்க உள்பக்கம் நல்ல லைனரா பாத்துப் போடுங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க," என்றார்.

தோல் எப்படியும் ஆறிவிடும். ஆறாமல் கிடந்தது வீட்டு விவகாரம். சரக்குக்காரரின் மனைவி தையல்காரம்மா. அவருக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கோபம் தணிந்த பிறகு, கணவர் குப்புறப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, ஆட்காட்டி விரலால் அவர் முதுகில் சமாதானத்தை எழுதுவார். கணவர் அதை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் இதுதான் சட்டம். ஒருமுறை எழுதியதை வாயால் சொல்வதும் கிடையாது, திரும்ப எழுதுவதும் கிடையாது. இந்தத் தடவை சண்டைக்குக் காரணமே வண்டிதான். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார். "ஒரு பட்டன் வாங்கக்கூட என்னக் கேக்குற மனுஷன்," என்றதுதான் தையல்காரம்மாவின் வாயிலிருந்து கடைசியாக வந்த வாக்கியம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தையல் எந்திரம் மட்டும் பேசியது. ஒருவழியாக மனசு இளகி எழுத வந்தபோது முதுகில் எழுத இடமில்லை. விரல் பட்ட இடமெல்லாம் மனிதர் துள்ளினார். தையல்காரம்மா விரலை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஆகவே லைனர் விஷயத்தில் தெருவே கவலைப்பட்டது. மற்ற எல்லோரையும்விட அதிகம் கவலைப்பட்டவன் தையல்காரம்மாவின் தம்பி. சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாததால் எல்லா வண்டிகளைப் பற்றியும் அவனுக்குத் தெரியும். "கண்ண மூடிக்கிட்டு பிளாஸ்டிக் போடுங்க மாமா. குளிக்கிற தொட்டி மாதிரி அப்படியே உள்ள போய் உக்காந்துக்கும்," என்றான். உட்காரத்தான் செய்தது. முதல் மழையில் தண்ணீர் பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் நடுவே புகுந்து தங்கிவிட்டது. வண்டி திரும்பும்போதெல்லாம் முதுகில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. வேர்க்குரு வந்தது, அப்புறம் லேசாகப் பாசி பிடித்தது. தையல்காரம்மா வாய் திறக்காமல் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுக் கம்பளம் போட்டார்கள். மெத்தென்று இருந்தது, ஆனால் சரக்கு நகர்ந்தால் கிச்சுகிச்சு மூட்டியது. ஒரு சாவு வீட்டுக்கு நாற்காலி கொண்டுபோனபோது, வெளியே ஆட்கள் நாற்காலிகளைக் கம்பளத்தில் இழுத்து இழுத்து இறக்க, இவர் உள்ளே பிணத்துக்கு எதிரில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இறந்தவரின் மகன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, "எங்கப்பாவும் இப்படித்தாங்க, எப்பவும் சிரிச்ச முகம்," என்று அழுதான். அடி விழாமல் தப்பித்தது அதனால்தான்.

"நான் மொதல்லயே ஸ்ப்ரேதான சொன்னேன்," என்றான் மச்சினன். எதிர்த்துப் பேசச் சரக்குக்காரருக்கு முதுகில் தெம்பில்லை. லைனர் கடைக்காரர் முகமூடி மாட்டிக்கொண்டு கறுப்பாக எதையோ பீய்ச்சினார். அது சொரசொரவென்று இறுகி, தொட்டியோடு தொட்டியாக ஒட்டிக்கொண்டது. "ஆயுசுக்கும் போகாதுண்ணே. யார் ஆயுசுன்னு மட்டும் கேக்காதீங்க," என்றார். மறுநாள் கருங்கல் ஏற்றினார்கள். சரக்குக்காரர் அப்போது பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார், உரித்துத் தின்றுகொண்டே இருந்தார். முதுகில் உட்கார்ந்த கொசு ஒன்று மூக்கு வளைந்து, நடந்தே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. காயமெல்லாம் ஆறியது. ஓர் இரவு தையல்காரம்மா அருகில் வந்து உட்கார்ந்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். இவர் குப்புறப் படுத்தபடி, எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தார்.

"படிங்க," என்றார் தையல்காரம்மா.

சரக்குக்காரருக்கு வியர்த்தது. வீட்டில் என்னென்ன குறைகிறது என்று வேகமாக யோசித்துப் பார்த்தார். "உப்பு... தீந்துபோச்சா?"

தையல்காரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் அந்தச் சுவரில் ஈரம் கசிந்தது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, இந்தப் பக்கம் குழாயே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரம் நாளுக்கு நாள் பரவி, அலமாரிவரை வந்தது. கீறலே இல்லாத முதுகோடு சரக்குக்காரர் இளைத்துப்போனார். கடைசியில் லைனர் கடைக்குப் போய், "சுரண்டி எடுத்துரு தம்பி," என்றார். "எனக்கு ஒட்டத்தாண்ணே தெரியும்," என்றார் கடைக்காரர். வேறு வழி தெரியாமல் இரும்பு தேய்க்கிற கிரைண்டரை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்தார்.

வாசலில் கிரைண்டர் கத்த, உள்ளே கட்டிலில் சரக்குக்காரர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தையல்காரம்மா எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து தன் கையை நீட்டினார். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தெருவுக்கும் ஒரு நாகரிகம் உண்டு, ஆகையால் எல்லோரும் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தோம். முதல் பட்டை உரிந்தபோது சரக்குக்காரர் தலையைத் தூக்கினார். "அ," என்றார். வலியில் கத்துகிறார் என்று நினைத்தோம். "டு... த்... த..." என்றார். அன்றைக்கு எழுதிய எழுத்தெல்லாம் உள்ளே இறங்க வழியில்லாமல் பூச்சுக்கு மேலேயே தங்கியிருந்திருக்கிறது. பூச்சு போகப் போக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. "அடுத்த தடவ என்னையும் கூ..." என்கிற இடத்தில் கிரைண்டர் நின்றது. கடைக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

"கூ... கூ..." என்று சரக்குக்காரர் கூவிக்கொண்டு கிடந்தார். "தம்பி! தண்ணி அப்புறம் குடிக்கலாம்! 'கூ'வுக்கு அடுத்தது என்ன?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்? நான் தேய்க்கிறவன்," என்று வெளியிலிருந்து பதில் வந்தது. மறுபடி கிரைண்டர் கத்தியது.

"அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போங்க," என்று சரக்குக்காரர் முழுசாகப் படித்து முடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கிரைண்டர் அப்போது நின்றிருந்தது.

"உப்பாம், உப்பு," என்றார் தையல்காரம்மா. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சுவர் காய்ந்துவிட்டது.

அடுத்த தடவை கடைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். தையல்காரம்மா தொட்டியில் ஏறி, ஒவ்வொரு லைனராக விரித்து விரல்முட்டியால் அழுத்த, கணவர் கீழே நின்று சொன்னார். "இது?" "உறுத்துது." "இது?" "வழுக்குது." "இது?" "ம்ம்... ஆள் இருக்குன்னு தெரியுது. ஆனா வலிக்கல." அது கனமான ரப்பர் பாய். வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது சுருட்டி எடுக்கலாம். "நான் மொதல்லயே இதத்தான சொன்னேன்," என்றான் மச்சினன். யாரும் மறுக்கவில்லை.

வருஷங்கள் போயின. வாகனத் தகுதி பார்க்க வரும் ஆய்வாளர் இப்போதெல்லாம் தொட்டியில் ஏறிப் பார்ப்பதில்லை. சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். சாயங்காலம் வண்டியை வாசலில் விட்டுவிட்டுச் சரக்குக்காரர் தேநீர்க் கடைக்கு நடந்து வருவார். வீட்டில் தையல்காரம்மா பாயைச் சுருட்டிவிட்டு வாளியும் சோப்புமாகத் தொட்டியைக் கழுவுவார். இங்கே சரக்குக்காரரின் சட்டை பின்பக்கம் நனைந்து நுரை வரும். தேநீர்க் கடைக்காரர் பேச்சை நிறுத்தாமலே துண்டை நீட்டுவார். சில நாள், நுரை அடங்கியதும் சரக்குக்காரர் பாதிப் பேச்சில் நிமிர்ந்து உட்கார்வார், எழுத்துக்கூட்டுவதுபோல் உதடு மெல்ல அசையும், காது சிவக்கும். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வேகமாக வீட்டைப் பார்த்து நடப்பார். மீதித் தேநீரைக் கீழே கொட்டிவிட்டு, கடைக்காரர் டம்ளரைக் கழுவப் போட்டுவிடுவார்.