நாற்பதோடு நின்ற மணி

அறிவுச்செல்வன் தேவாலய மணிக்கயிற்றைப் பிடித்ததும் சினேகா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, அப்பாவுக்கு எழுபத்தொண்ணு அடிங்க. இன்னிக்கு மட்டும்.”

“அடிச்சுட்டு ஊருக்கு யாரு பதில் சொல்றது? நீ பாட்டுக்கு வேங்கிக்கால்ல உன் வீட்டுக்கு பஸ் ஏறிடுவ.”

நல்லாயன்பேட்டையில் சாவு மணியை வயதுக்கு அடிப்பதில்லை. ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து வருஷத்துக்கு ஒன்று. பஞ்சத்தில் வந்த ஒன்பது குடும்பங்களைப் பாதிரியார் இந்த மேட்டில் குடிவைத்த காலத்து வழக்கம் அது. அந்த ஒன்பதில் முதலில் இறந்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மூன்று மணிதான் அடித்தார்கள்.

“அவருக்கே மூணுதாம்மா. பசியில கழிஞ்ச வருஷங்க கணக்குல வேணாம்னு அவங்களே முடிவு பண்ணாங்க. உங்கப்பாவுக்கு நாப்பது. ஜாஸ்திதான்.”

“எங்கப்பா பசிக்கு வரலண்ணா. அம்மாவுக்காக வந்தாரு.”

அறிவுச்செல்வன் கயிற்றை விடவில்லை. சினேகா கையை எடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அப்பா முருகவேல் இங்கே வந்து ஞானஸ்நானம் வாங்கியபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன்னால் செங்கம் பக்கம் ஒரு ஊர் இருந்தது, ஒரு அக்கா இருந்தாள். அவ்வளவுதான் சினேகாவுக்குத் தெரியும். கேட்டால், “அது கிடக்குது போ” என்பார். அம்மா போன பிறகு அவரையும் அந்த ஊரையும் பற்றிக் கேட்க வேறு ஆளில்லை.

அந்த அக்கா கன்னியம்மாள் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. நெற்றி நிறைய விபூதியோடு சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“வயசுக்கு ஒரு மணி அடிப்பாங்களாமே, ஏம்மா?”

சினேகா தலையை ஆட்டிவிட்டாள். இல்லை என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை.

முதல் மணி விழுந்தது. கன்னியம்மாள் சுண்டுவிரல் கணுவில் கட்டைவிரலை வைத்தாள். ஒவ்வொரு மணிக்கும் விரல் ஒரு கணு நகர்ந்தது. சினேகாவும் மனதுக்குள் எண்ணினாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

அப்புறம் வேப்பமரத்துக் காக்கை மட்டும் கத்தியது.

கட்டைவிரல் மோதிரவிரலின் முதல் கணுவிலேயே நின்றது.

“கயிறு அறுந்துடுச்சா?” என்றாள் கன்னியம்மாள்.

கன்னியம்மாள் சினேகாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

“தூக்கலாமா?” என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

கன்னியம்மாளின் கட்டைவிரல் அடுத்த கணுவுக்குப் போனது. அதற்கு அடுத்ததுக்கு. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று உதடுகள் மட்டும் அசைந்தன.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் சினேகா.

பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவள் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆள்காட்டி விரலைத் தாண்டி, மறுபடியும் சுண்டுவிரலுக்கு வந்தது.