எவர்சில்வர் அக்கா

திரைச்சீலை தைக்கும் கடையில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உன்னைப் பார்க்குல நிக்க வச்சிருக்காங்க."

"என்னடி உளர்றே?"

"ஆத்தோரப் பார்க்குல புதுசா சிலைங்க வச்சிருக்காங்கல்ல, அதுல ஒண்ணு அச்சு அசல் நீதான். வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தையெல்லாம் உருக்கி உன்னைச் செஞ்ச மாதிரி இருக்கு."

தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். அவள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் காதில் வாங்க வேண்டும். அக்கா சிரித்துவிட்டு போனை வைத்தாள். ஆனால் அன்று முழுக்க தையல் கோணலாகவே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே பயத்தைப் போக்கிவிடுவார். அவ்வளவு வாய்.

புல்வெளியின் ஓரத்தில் அது நின்றது. ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே. ஸ்டீல் தகடுகளை வளைத்து ஒட்டவைத்த உருவம். ஒரு கை பிடரியில் இருந்தது. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு குதிகால் தரையில் படவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடுதான். அதில் மேகம் தெரிந்தது.

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. "மூஞ்சியே இல்ல. இதுல என்னத்தைக் கண்டாளாம் அவ?"

திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான்," என்றார்.

பக்கத்தில் ஒரு பெண் வாளித் தண்ணீரில் துணியை நனைத்து, சிலையின் தோளில் இருந்த பறவை எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செய்தவளே அவள்தானாம். அக்காவுக்குக் கேட்காமல் போக மனசு வரவில்லை.

"ஏம்மா, இது யாரு?"

"எங்க அப்பாங்க."

"ஆம்பளையா?"

"ஆமாங்க. எங்க அண்ணனை ரயில் ஏத்திவிட்டுட்டு இப்படித்தான் நின்னாரு. ரயில் போய் ரொம்ப நேரம் ஆச்சு, அப்பவும் நின்னாரு." சிற்பி துணியைப் பிழிந்தாள். "பார்க்கிறவங்க எல்லாம் கிளம்பப் போற ஆளுன்னுதான் சொல்றாங்க. அவரு எங்கேயும் போகலைங்க. நின்னுட்டவரு."

அதைக் கேட்டும் கணவர் முகம் மாறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் முழங்கையால் இடித்தாள்.

"எப்பங்க நான் அப்படி நின்னேன்?"

"தினமும்தான். சமையலறை ஜன்னல்கிட்ட. அடுப்புல ஏதாவது கொதிக்கும். கழுத்துல கையை வச்சுக்கிட்டு, ஒரு குதிகாலைத் தூக்கிக்கிட்டு வெளியே பார்ப்பே."

"கழுத்து வலிக்கும், நிக்கிறேன். அதுக்கென்ன?"

"இல்ல... நீ எங்கேயோ கிளம்புற மாதிரி இருக்கும். கல்யாணமான புதுசுல இருந்தே."

"நான் விட்டுட்டுப் போயிடுவேன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டா இருந்தீங்க?"

அவர் யோசித்துதான் சொன்னார். "நினைக்கலை. தயாரா இருந்தேன்."

அவளுக்குக் கோபப்படுவதா அழுவதா என்று பிடிபடவில்லை. வேலை முடிந்த கையோடு அவர் வீட்டுக்கு ஓடிவருவது, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளைக் கூப்பிடுவது, தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால் காரணமில்லாமல் போன் பண்ணுவது எல்லாம் பாசம் என்றல்லவா இருந்தாள். பாசம்தானா? பயமா? இரண்டும் ஒன்றேதானா? அதைவிடக் குடைந்த கேள்வி வேறு. அந்த ஜன்னலில் நின்றபோதெல்லாம் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? எவ்வளவு தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. சில நாள் குழம்பில் உப்பு போட்டோமா என்று நினைத்திருப்பாள். சில நாள் நிஜமாகவே போயிருப்பாளோ, மனசுக்குள்ளேயே?

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். எப்படி நிற்பது என்று தெரியவில்லை. கையை இடுப்பில் வைத்தாள். சண்டைக்காரி மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டாள், யாரோ விருந்தாளி மாதிரி இருந்தது. இரண்டு குதிகாலையும் தரையில் அழுத்தி நின்று பார்த்தாள், கெண்டைக்கால் இழுத்தது. தன் வீட்டுச் சமையலறையில் நிற்பதற்கு இப்படி ஒரு பாடா என்று சிரிப்பும் வந்தது.

அவர் கூடத்திலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டார். ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்துச் சொருகினார்.

"உக்காந்துக்கோ. கழுத்து வலிக்குதுன்னியே."

கழுத்து வலிக்காகப் போட்டாரா, அவள் எழுந்து நிற்பதைப் பார்க்க முடியாமல் போட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டால் அவருக்கே தெரியாது என்று தோன்றியது. உட்கார்ந்தாள். அவர் போகாமல் கதவோரமே நின்றார்.

"இப்ப எப்படிங்க இருக்கேன், கிளம்புற மாதிரியா?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியலை," என்றார்.