ஜைத்தூன் பீவி சொன்ன சாட்சி

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகன் ஜியாவுதீனோடு வேப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஜைத்தூன் பீவி பைக்கில் விருத்தாசலம் திரும்பிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். செராமிக் கம்பெனிகள் இருக்கும் ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. ஜியாவுதீன் ஒரு கையில் பிடித்த செல்போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

“டேய், ரோட்டப் பாருடா” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், ஓரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த செராமிக் கம்பெனித் தொழிலாளி சுப்புராயன் மீது வண்டி மோதிவிட்டது. அவர் கேரியரில் கட்டியிருந்த பீங்கான் பொம்மைகள் நொறுங்கிச் சிதறின. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

மறுநாள் அவள் தம்பி அமீனுதீன் வந்தான்.

“அக்கா, நேர்ல பாத்தது நீ ஒருத்திதான். அந்தாளு திடீர்னு குறுக்க திரும்பிட்டாருன்னு சொல்லிடு. செத்தவரு திரும்பி வரப்போறாரா? கேசு இவன் மேல விழுந்தா இவன் பொழப்பே போயிடும்.”

ஜியாவுதீன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். “அம்மா, என்னக் காப்பாத்துமா.”

அவள் எழுந்துபோய்க் கைகால் முகம் கழுவி ஒலூ செய்துவிட்டுத் தொழுகைக்கு நின்றாள். பெற்ற பிள்ளையே ஆனாலும் சாட்சியை மறைக்கக்கூடாது என்பது இறைவன் கட்டளை. சின்ன வயதில் மதரஸாவில் படித்தபோது அது எவ்வளவு சுலபமாக இருந்தது! சஜ்தாவில் நெற்றியைத் தரையில் அழுத்திக்கொண்டு அழுதாள். “ரப்பே, என்னை ஏன் அந்த வண்டியில உக்கார வெச்ச? பெத்தவகிட்டயா இதக் கேப்ப?” எந்தப் பதிலும் வரவில்லை. நெஞ்சின் பாரமும் குறையவில்லை.

சாட்சி சொல்லப் போனபோது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சுப்புராயனின் மனைவி இளமதி உட்கார்ந்திருந்தாள். அவளும் செராமிக் கம்பெனியில்தான் வேலை. முந்தின நாள் புடவையைக்கூட மாற்றவில்லை; முந்தானையில் களிமண் காய்ந்திருந்தது. ஜைத்தூன் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பாத்தீங்களாமேம்மா. அவரு ஓரமாத்தான போயிருப்பாரு? எல்லாம் அவரு மேலயே தப்புங்கறாங்கம்மா.”

ஜைத்தூன் பீவி கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். மகன் அமீனுதீனோடு சுவரோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுங்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் மகன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“அவரு ஓரமாத்தான் போனாருங்க. எம் புள்ளதான் போனப் பாத்துக்கிட்டு ஓட்டுனான்.”

“அக்கா!” என்று அலறினான் அமீனுதீன். ஜியாவுதீன் கத்தவில்லை. “நீயெல்லாம் ஒரு தாயா?” என்று மெல்லக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜாமீன் கிடைத்தது. ஆனால் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். துபாய் வேலை போய்விட்டது. அவன் மாமன் வீட்டோடு போய்விட்டான். அவன் தட்டைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள் அவள். இளமதி ஒருமுறை வந்து, வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். அதிலும் இவளுக்கு ஆறுதல் இல்லை.

விசாரணை நாளன்று அமீனுதீன் மறுபடியும் வந்தான். “இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போவல. சரியா ஞாபகம் இல்லன்னு சொல்லிடுக்கா. ஒன் புள்ள ஒங்கிட்டயே வந்துடுவான்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அவள் வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு புர்காவை மாட்டிக்கொண்டு தனியாக ஆட்டோவில் ஏறினாள்.

“ரப்பே, எனக்கு ஒண்ணும் வெளங்கல” என்று முணுமுணுத்தாள். “நீ சொன்னியேன்னுதான் போறேன்.”

கோர்ட்டு வாசலில் ஜியாவுதீன் நின்றிருந்தான். அவளைப் பார்த்தும் பார்க்காதவன்போல் நகர்ந்துகொண்டான். அவள் அவனைக் கடந்து உள்ளே போனாள்.