புதிய எண் பதினான்கு

எங்கள் ஊரில் ஒருவர் பெயருக்குக் கடைசியாக வந்த தபாலில் எந்த முகவரி இருக்கிறதோ, அங்கேதான் அவர் குடியிருப்பார். என் கணவர் சகாயத்துக்கு ஒரு கம்பெனி புத்தாண்டுக் காலண்டரை மஸ்கட் முகவரி போட்டு அனுப்பியது. அவர் மஸ்கட்டில் இருக்கிறார்.

எங்கள் வீட்டுக்குப் பழைய எண் பதினான்கு, புதிய எண் முப்பத்தொன்று. தடுப்பூசி முகாமில் நர்ஸ் கதவு எண் கேட்டபோது, ஊசியைப் பார்த்த பயத்தில் பதினான்கு என்று சொல்லிவிட்டேன். பழைய எண் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள், அடுத்த ஊசிக்கான அட்டை வந்தது. செல்வி ஜோவிதா, எண் 14, கீழ உப்பளத் தெரு. என் மகளுக்கு அன்று ஐம்பத்து மூன்று நாள்.

இப்போதைய பதினான்கு எதிர்ச்சாரியில் லில்லிபாய் டீச்சரின் வீடு. டீச்சர் தனியாக இருக்கிறார். அவரே அட்டையை எடுத்துவந்து காட்டினார். நான் தொட்டிலையும் துணிகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“வயித்துல கை வச்சாத்தான் தூங்குவா டீச்சர். வலது பக்கமா உக்காந்து வைக்கணும்.”

“முப்பத்தாறு வருஷம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவ நான். எனக்கே பாடமா? நீ போயி நிம்மதியாத் தூங்கும்மா.”

பகலில் விருந்தாளியாகப் போய்ப் பால் கொடுக்கலாம். விளக்கு வைத்ததும் அவரவர் முகவரிக்குத் திரும்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு தெருவைத் தாண்டி அழுகை கேட்கும். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நான்காம் நாள் அழுகை கேட்கவில்லை. அன்றுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

காலையில் டீச்சர் சொன்னார். “பழகிட்டா. அடுத்த அட்டைக்கும் என் நம்பரையே குடுத்துட்டேன். பச்சப்புள்ளைக்கு எதுக்கு அலைச்சல்?”

அன்றே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று ஜோவிதாவுக்கு, எண் 31க்கு. மற்றது எனக்கே, எண் 14க்கு. கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித்தந்தபடி இடது மேல் மூலையில் அனுப்புநர், ஒவ்வொரு வரி முடிவிலும் கமா, கடைசி வரிக்கு மட்டும் முற்றுப்புள்ளி. தபால்காரர் வேலப்பன் அண்ணன் வாசலிலேயே படித்துப் பார்த்து இரண்டையும் திருப்பித் தந்தார்.

“முப்பத்தொண்ணுல இருந்து முப்பத்தொண்ணுக்கே எழுதுனா அது பேச்சு, தங்கச்சி. உனக்கு நீயே எழுதுனா அது ஜெபம். ரெண்டையும் நான் சுமக்க முடியாது.”

“வேற யாராவது எழுதினா?”

“அடுத்த வீட்டுக்காரியக் குடிமாத்த எவன் எழுதுவான்? மரியாதையா இருக்குமா? மாப்பிள்ளைய எழுதச் சொல்லு.”

மஸ்கட்டிலிருந்து கடிதம் வர இருபது நாள் ஆகும். அதற்குள் என் கை அவளுக்கு மறந்துவிடும்.

ஏழாம் நாள் மத்தியானம் டீச்சர் வீட்டில் நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேலப்பன் அண்ணன் சைக்கிளை நிறுத்தினார். என் பெயருக்கு ஓர் இன்லண்ட் கடிதம். நாலு கோடு நோட்டில் எழுதியதுபோல் எழுத்து நேராக இருந்தது.

அனுப்புநர்: ஜோவிதா, தொட்டில், எண் 14.

பெறுநர்: அம்மா, தொட்டிலுக்கு வலப்பக்கம், எண் 14.

கமாக்கள் எல்லாம் சரியாக இருந்தன. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

டீச்சர் அதை வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். “பதினாலுல இருந்து பதினாலுக்கு. இதுவும் பேச்சுதானே வேலப்பா?”

“தொட்டில் ஒரு எடம், வலப்பக்கம் ஒரு எடம் டீச்சர். நடுவுல ஒரு சாண் இருக்கு. தபால் செல்லும்.”

டீச்சர் வெகுநேரம் அந்த எழுத்தையே பார்த்தார். “கையெழுத்து நல்லாருக்கு. நான் சொல்லிக் குடுக்கல,” என்றார். பிறகு தொட்டிலின் வலப்பக்கம் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கிச் சன்னலோரம் போட்டார்.

முப்பத்தொன்றைப் பூட்டிவிட்டு என் தலையணையை எடுத்துவந்தேன். விளக்கு வைத்த பிறகும் நான் அங்கேயே இருந்தேன். அவள் வயிற்றில் கை வைத்தபோது துணிக்கு அடியில் காகிதம் தட்டுப்பட்டது. இன்னோர் இன்லண்ட். பெறுநர்: அப்பா, தொட்டிலுக்கு இடப்பக்கம். மடிப்பை ஒட்டாமல் வைத்திருந்தாள். வாயில் எச்சிலுக்குக் குறைவில்லை. கைதான் எட்டவில்லை போலிருக்கிறது.

நான் ஒட்டிக் கொடுத்தேன்.