ஏப்ரல் ஐந்து, மே நான்கு

கண் ஆபரேஷனுக்கென்று ஏழு பேர் வெறும் வயிற்றோடு வந்து நின்றார்கள். அன்றைய பட்டியலில் ஒருவர் பெயரும் இல்லை. பதிவு மேசையில் பன்னிரண்டு வருடமாக உட்காரும் அக்காவை, அவர்கள் முன்னாலேயே சூப்பரிண்டெண்ட் வாங்கு வாங்கென்று வாங்கினார். மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் வேலை இல்லை என்றார். அக்காவும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

போனில் இதைக் கேட்டதும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மேசைக்கு மென்பொருள் செய்து கொடுப்பதே அவள் வேலை பார்க்கும் கம்பெனிதான்.

“என்ன தேதிக்கா போட்ட?”

“ஏப்ரல் அஞ்சு. காலண்டர்ல தொட்டாப் போதும்டி. ஆனா மே நாலுன்னு நிக்குது. நான்தான் தப்பாத் தொட்டிருப்பேன்.”

அதற்குமேல் தங்கை எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேசைக் கணினியிலிருந்து சர்வருக்குத் தகவல் கொண்டுபோகும் நிரலை மனிதர் யாரும் எழுதுவதில்லை. ஒரு கருவி எழுதித் தள்ளும். அந்த நிரல் தேதியை வெறும் எழுத்தாக மாற்றும்போது, அந்தந்தக் கணினியின் வழக்கப்படி மாற்றிவிடும். போன வாரம் மேசைக்கு வந்த புதுக் கணினியில் மாதம் முதலில்: 4/5. சர்வரோ முதலில் இருப்பதை நாள் என்று படிக்கும்: மே நான்கு. நாள் பன்னிரண்டைத் தாண்டினால், அப்படி ஒரு மாதமே இல்லையென்று தானே திருப்பிப் படித்துக்கொள்ளும். கம்பெனியில் சோதனைக்குக் கொடுப்பதோ எப்போதும் இருபத்தைந்தாம் தேதி. பிறகு எங்கே தெரியும்?

அவள் மட்டும் போன மாதமே நிரலைப் படித்துப் பார்த்தபோது இதைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தாள். அடுத்த முறை ஓடியபோது கருவி அந்தத் திருத்தத்தை அழித்துவிட்டுப் பழைய குப்பையையே எழுதி வைத்தது. கருவி பார்த்து எழுதும்படி நாம் கொடுக்கும் மாதிரியையே மாற்ற வேண்டும் என்று மேனேஜருக்கு மெயில் போட்டாள். கிணற்றில் போட்ட கல்தான்.

இப்போது அவர் அறைக்கே போய் நின்றாள்.

“அவங்கதான் தேதியைத் தப்பாப் போட்டாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிடும்மா,” என்றார் மேனேஜர். “இது மெஷின் எழுதின கோட். அதுல எப்படித் தப்பு வரும்?”

“நாம சொல்லிக் கொடுத்ததைத்தானே சார் அது எழுதுது? என் மெயிலை நீங்க திறக்கக்கூட இல்ல. உங்க சோம்பலுக்கு எங்கக்கா மன்னிப்புக் கேக்கணுமா?”

அவள் அந்த மெயிலையும் நிரலின் அந்த ஒரு வரியையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனாள்.

சூப்பரிண்டெண்ட் இரண்டு முறை படித்தார். அவளை விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். முகம் செத்துப்போயிற்று. அக்காவைக் கூப்பிட்டனுப்பி, இழுப்பறையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“கிழிச்சுப் போட்டுடும்மா. இத்தோட விட்டுடுவோம்.”

அக்கா கையை நீட்டவில்லை.

“அத்தனை பேர் முன்னாடி திட்டினீங்க சார். என் கண்ணையே நான் நம்பாமப் போயிட்டேன். அவங்க ஏழு பேரையும் வரச் சொல்லுங்க. அவங்க முன்னாடி நீங்களே கிழிங்க.”