பதாகையின் மறுமுனை

பழைய மாணவியர் ஊர்வலத்தில் ஐம்பத்தாறில் படித்து முடித்தவர்களின் பதாகையைப் பிடிக்க மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர்: வினிஃப்ரெட், லோர்னா. கல்லூரித் தலைவராக இருந்தபோது வினிஃப்ரெட், லோர்னா நடத்திய கிரேக்க மொழித் துறையை இழுத்து மூடியவள். அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் வருடந்தவறாமல் வெள்ளை உடையில் வந்து, ஆளுக்கொரு கம்பைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தார்கள்.

இந்த மே மாதம் வினிஃப்ரெட்டின் கம்பை அவள் மகள் தியா பிடித்தாள். அம்மா போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. லோர்னா கிழவிக்குக் கை வலிக்குமே என்று அவள் மெல்லப் பிடிக்க, நடுவில் துணி தொய்ந்து, எழுதியிருந்த ஆண்டே மடிப்புக்குள் மறைந்தது.

லோர்னா நடையை நிறுத்தினாள்.

"இழுத்துப் பிடிடீ," என்றாள். "உங்கம்மா மாதிரி கொஞ்சம் கோவமா இழுத்தாத்தான் என்ன?"