ஞாயிறு வாதம்

1989 சனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. வாடைக்காற்று வீசியது, மழை இல்லை. கோப்பாய் வாசிகசாலையின் வெளி வாங்கில் கனகசபாபதி தனியே அமர்ந்திருந்தார். உள்ளே செயற்குழுவினர் ஐவரும் அவருடைய விண்ணப்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். தேர்தலுக்கு மூன்றரை வாரமே இருப்பதால், ஆறு ஆண்டுகளாக நின்றுபோயிருக்கும் ஞாயிறு வாதத்தை மீண்டும் தொடங்க இசைய வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில். வாரத்தில் அவர் மனிதரோடு மனிதராய்க் கதைத்த நேரம் அதுவொன்றுதான்.

அக்காலத்தில் ஒருவர் பத்திரிகைத் தலையங்கத்தை உரத்து வாசிப்பார். வாசித்து முடியுமுன் பரமலிங்கம் குறுக்கிடுவார். கனகசபாபதி ஒரு கட்சி என்றால் அவர் மறுகட்சி. முருகேசு புகையிலைத் தோட்டத்திலிருந்து மண்காலோடு வந்து, இரு பக்கத்துக்கும் மாறிமாறிக் கைதட்டுவார். எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, வாதச் சூட்டில் பரமலிங்கம் கனகசபாபதியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு போய்விட்டார். திருப்பிக் கொடுக்க வந்தவர், படலையில் நின்று மேலும் ஒரு மணிநேரம் வாதாடிவிட்டு, அதே செருப்போடு திரும்பிப் போனார்.

ஐவரில் இருவர் இசைவர், இருவர் மறுப்பர் என்று கனகசபாபதி கணித்திருந்தார். ஐந்தாமவர் பரமலிங்கம். இத்தனை ஆண்டு எதிர்த்தவர் கைவிடமாட்டார்.

கதவு திறந்தது. பரமலிங்கம் வந்து அருகில் அமர்ந்தார்.

“என்ன காணும், எல்லாரும் ஆயுதக்காரருக்குப் பயந்திட்டியளோ?” என்று கேட்டார் கனகசபாபதி.

“பயமும் இருக்குத்தான். ஆனால் வெறும் பயமெண்டால் உம்மடை விண்ணப்பத்தையே எடுத்திருக்கமாட்டம்.”

“பிறகென்ன?”

“எழுபத்தேழிலை வோட்டுப் போட்டம். பாராளுமன்றத்துக்கு அனுப்பின ஆக்களின்ரை கதிரையே எண்பத்துமூண்டிலை போச்சு. அதுக்குப் பிறகு எங்களை ஆர் என்ன கேட்டவை? முந்தி, நான் சொல்லுறதாலை ஏதோ நடக்குமெண்டு நம்பித்தான் உம்மோடை சண்டை பிடிச்சனான். இப்ப பிடிச்சால் அது கூத்து.”

“கூத்தெண்டாலும் ஆடுமன். நான் பாக்கிறன்.”

“அதுதான் கரைச்சல். உமக்கு என்ரை வேசம் தெரிஞ்சிடும்.”

கனகசபாபதி சிரித்தார். பிறகு, “அப்ப உம்மடை வாக்கு?” என்றார்.

பரமலிங்கம் சட்டைப்பையிலிருந்து, விண்ணப்பத்தை மறுத்து மூவர் கையொப்பமிட்ட தாளை எடுத்தார்.

“செயலாளர் தரப் பாத்தவர். நான்தான் தரவேணுமெண்டு கேட்டு வாங்கினனான்,” என்று சொல்லி, இரு கைகளாலும் அதை அவரிடம் கொடுத்தார்.